2012 முதன்மைத் தேர்தலில் மிட் ராம்னி உண்மையான பழமைவாதிதானா?

வடகரையான் கேட்டது:

அமெரிக்கக் குடியரசுக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலந்தோறும் நடத்தும் முதன்மைத் தேர்தல்களைத் தொடர்ந்து கவனித்துவருபவன் என்ற முறையில், நெடுநாளாக எனக்குத் தெளிவான விடை கிடைக்காத ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். 2012 அதிபர் வேட்பாளர் போட்டியில் மிட் ராம்னியைச் சுற்றி நடந்த சண்டைகளில் பெரும்பகுதி ஒரே ஐயத்திலிருந்து கிளம்பியது. இவர் உண்மையிலேயே பழமைவாதியா, அல்லது வேட்பாளர் ஆகும்வரை அப்படிப் பேசுகிறாரா என்பதே அந்த ஐயம்.

ஐயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1994இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியை எதிர்த்து செனட் தேர்தலில் நின்றபோது, குடியரசுக் கட்சி அதிபர்களான ரேகன், புஷ் ஆட்சிக்காலத்தில் தாம் எக்கட்சியையும் சாராதவராக இருந்ததாகவும், அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போவது தம் நோக்கமல்ல என்றும் விவாத மேடையிலேயே சொன்னார். 2002இல் ஆளுநர் பதவிக்கு நின்றபோது, கருக்கலைப்பு உரிமையைக் காப்பேன் என்று வாக்குறுதி தந்தார். 2004இல், தாக்குதல் வகைத் துப்பாக்கிகளுக்கான தடையை நிரந்தரமாக்கும் மாநிலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2006இல் தேசிய ரைபிள் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் ஆனார். அதே 2006 ஏப்ரலில், மாநிலத்தில் வாழ்வோர் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்னும் சட்டத்தை, பாஸ்டன் நகரின் ஃபேனியல் மண்டபத்தில், கென்னடியையும் மேடையில் வைத்துக்கொண்டு நிறைவேற்றினார்.

இதுவரை எனக்குக் குழப்பம் இல்லை. குழப்பம் 2008ஐ எண்ணும்போதுதான் வருகிறது. மேலே சொன்ன அனைத்தும் நடந்து முடிந்து, ஊரறிந்த பிறகுதான் அவர் முதன்முறையாக அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கினார். அப்போது ஜான் மெக்கெயினுக்கு எதிராகப் பழமைவாதிகள் நம்பத்தக்க மாற்று என்று கொண்டாடப்பட்டவர் இதே ராம்னிதான். பழமைவாதிகளின் முதன்மை ஏடான நேஷனல் ரிவியூ, 2007 டிசம்பரில் அவரையே ஆதரித்தது. சீபேக் என்னும் பழமைவாதிகளின் ஆண்டு மாநாட்டில் நடக்கும் மாதிரி வாக்கெடுப்பில் 2007, 2008, 2009 என மூன்று ஆண்டுகளும் அவரே வென்றார். 2008 பிப்ரவரி 7 அன்று அதே மாநாட்டு மேடையில்தான் அவர் போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அன்றே அங்கே பேச வந்த மெக்கெயின், குடியேற்றத்தைப் பற்றி வாய்திறந்ததும் கூச்சலைக் கேட்க நேர்ந்தது.

நான்கு ஆண்டுகளில் ராம்னியின் பழைய செயல்களில் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. அப்படியிருக்க, 2008இல் தேறியவர் 2012இல் ஏன் தேறவில்லை? ஒரு வேட்பாளர் உண்மையான பழமைவாதியா என்பதை அவர் பதவியில் செய்ததைக் கொண்டு அளப்பதா, மேடையில் சொல்வதைக் கொண்டு அளப்பதா, கையெழுத்திட்ட உறுதிமொழிகளைக் கொண்டு அளப்பதா, அல்லது எதிரில் நிற்பவர்களோடு ஒப்பிட்டு அளப்பதா? 2012 போட்டியை ஒட்டியே பதில்கள் அமைந்தால் நன்றியுடையவனாவேன். இன்றைய கட்சிச் சண்டைகளுக்குள் இறங்கினால் பேச்சு திசைமாறிவிடும்.

தராசுமுள் எழுதியது:

வடகரையான் அவர்களுக்கு வணக்கம். தாங்கள் அடுக்கிய நான்கு அளவுகோல்களையும் தள்ளிவிடாமல், அவற்றுக்கு முன்னதாக ஒரு கேள்வியைச் சேர்க்க விரும்புகிறேன். ஒரு நிலைப்பாடு அதை எடுத்த நேரத்தில் அவருக்கு எதையேனும் இழப்பாக்கியதா, அல்லது ஆதாயமாகவே இருந்ததா? ஆதாயம் தரும் நேரத்தில் எடுத்த நிலைப்பாட்டைக் கொண்டு ஒருவரின் மனத்தை அறிய முடியாது. நட்டம் வரும் என்று தெரிந்தும் விடாமல் பிடித்துக்கொண்டது எது என்று பார்த்தால், ஓரளவு அறியலாம்.

கருக்கலைப்பைப் பற்றிய மனமாற்றத்தை எடுத்துக்கொள்வோம். 2004 நவம்பரில் ஸ்டெம் செல் ஆராய்ச்சியைப் பற்றி ஓர் ஆய்வாளரோடு பேசியபோதுதான் தம் மனம் மாறியதாக ராம்னி பலமுறை விளக்கியிருக்கிறார். 2005 ஜூலையில், அவசரக் கருத்தடை மருந்து எளிதில் கிடைக்க வழிசெய்யும் மசோதாவைத் தம் வீட்டோ அதிகாரத்தால் தடுத்தார். அதற்கான காரணத்தைப் பாஸ்டன் குளோப் நாளேட்டில் கட்டுரையாகவும் எழுதினார். மசோதா சட்டமன்றத்தில் பெரும்பான்மையோடு மீண்டும் நிறைவேறிச் சட்டமாகிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், மறுமுறை ஆளுநர் பதவிக்கு நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். அவர் மனம் மாறியது பொய் என்று நான் சொல்லவில்லை. மனிதர்கள் நாற்பதிலும் ஐம்பதிலும் மனம் மாறுவதுண்டு. ஆனால் அந்த மாற்றம் வந்தபோது மாசசூசெட்ஸ் வாக்காளர்களின் தயவு அவருக்கு அநேகமாகத் தேவைப்படவில்லை. அதிபர் வேட்பாளர் போட்டி முதலில் நடக்கும் அயோவா, தென் கரோலினா மாநிலத்தவரின் தயவு தேவைப்பட்டது. ஆகவே அந்தச் சான்றை வைத்து இப்பக்கமும் தீர்ப்புச் சொல்ல இயலாது, அப்பக்கமும் இயலாது.

ஆளுநராக அவர் தடுத்த செலவினங்களுக்கும் இதே கதிதான். ஏறத்தாழ 800 வீட்டோக்கள் என்று பிற்காலத்தில் மேடைதோறும் சொன்னார். எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் பத்தில் எட்டுப்பேருக்கு மேல் ஜனநாயகக் கட்சியினராக இருந்த சட்டமன்றம் அவற்றில் பெரும்பாலானவற்றைப் புறந்தள்ளிவிடும் என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். விளைவு இல்லாத எதிர்ப்புக்கு விலையும் இல்லை.

விலை இருந்த இடம் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். 2011 வாக்கில், ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்தை ஒழிப்பதே குடியரசுக் கட்சியினரின் முதல் முழக்கமாக இருந்தது. அதன் நடுநாடியாகிய கட்டாயக் காப்பீடு மாசசூசெட்ஸிலிருந்து போனது என்பதை ஒபாமா தரப்பினரே மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராம்னிக்கு எளிய வழி ஒன்று திறந்திருந்தது. அந்தச் சட்டம் தவறு, வருந்துகிறேன் என்று ஒரு பேட்டியில் சொல்லிவிட்டால் பாதிச் சுமை இறங்கியிருக்கும்; அவருடைய நலம்விரும்பிகள் பலரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவரோ 2011 மே 12 அன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு நிறுவன ஆலோசகரைப்போலத் திரையில் படங்களைக் காட்டி, தம் மாநிலத்துக்கு அது பொருத்தமானது என்றும், நாடு முழுமைக்கும் அதை விதிப்பதுதான் தவறு என்றும் வாதாடினார். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அன்றே அவரை ஒபாமாவின் துணை வேட்பாளர் என்று தலையங்கத்தில் கேலி செய்தது. இத்தனைக்குப் பிறகும் அவர் பின்வாங்கவில்லை.

இதிலிருந்து நான் அறிவது இதுதான். ராம்னியின் உள்ளத்தில் உறுதியாக இருந்தது, கணக்கைச் சரிபார்த்து, ஓட்டையை அடைத்து, நிறுவனத்தை நடத்திக்காட்டும் நிர்வாகியின் பெருமை. குடும்பம், மதம், கடன் வாங்காமை ஆகியவற்றில் அவர் வாழ்க்கை முறையால் மிகவும் பழமைவாதி. கொள்கைப் பட்டியலில் அவர் அப்படி இருந்தாரா என்றால், பட்டியலைப் பிறரிடமிருந்து வாங்கிக்கொண்டார் என்பேன். வாங்கியதை நேர்மையாகத் திருப்பித் தந்திருப்பாரா என்பது வேறு கேள்வி. அவர் அதிபராகவில்லை ஆதலால் அது விடையில்லாமல் நின்றுவிட்டது.

கூடுதலாக ஒன்று. கட்டாயக் காப்பீடு என்ற எண்ணமே 1989இல் ஹெரிடேஜ் அறக்கட்டளை என்னும் பழமைவாத ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்தது. பிறருடைய மருத்துவச் செலவை வரி கட்டுபவர் தலையில் கட்டாமல், அவரவர் பொறுப்பை அவரவர் ஏற்கவேண்டும் என்பதே அதன் வாதம். மாசசூசெட்ஸ் சட்டத்தை வகுக்கும்போதும் அந்நிறுவனத்தார் ஆலோசனை தந்தார்கள். 2006இல் பழமைவாதமாகக் கருதப்பட்ட ஒன்று 2010இல் சர்வாதிகாரம் என்று கருதப்பட்டதற்கு ராம்னி எப்படிப் பொறுப்பாவார்? தங்கள் 2008, 2012 குழப்பத்துக்கு விடையின் ஒரு பாதி இங்கே இருக்கிறது.

நாற்சந்தி எழுதியது:

மறுபாதி, உடன் நின்றவர்களிடம் இருக்கிறது. 2008இல் ராம்னிக்கு எதிரில் நின்றவர்கள், 2001, 2003 வரிக்குறைப்புகளுக்கு எதிராக வாக்களித்த மெக்கெயினும், கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த ரூடி ஜூலியானியும். அவர்களுக்கு நடுவில் யார் நின்றாலும் பழமைவாதியாகத்தான் தெரிவார். மைக் ஹக்கபி மட்டும் சமூக விவகாரங்களில் அவரைவிட உறுதியானவர். ஆனால் ஆர்கன்சாஸ் ஆளுநராக வரியை உயர்த்தியவர் என்ற பழி அவருக்கு இருந்தது.

2012இல் ராம்னியைப் போலி என்றவர்களின் பழைய கதையையும் சற்றுப் புரட்டிப் பார்க்கவேண்டும். நியூட் கிங்ரிச் 2008இல் பருவநிலை மாற்றத்துக்காக ஜனநாயகக் கட்சித் தலைவர்களில் ஒருவரான நான்சி பெலோசியோடு ஒரே இருக்கையில் அமர்ந்து விளம்பரத்தில் தோன்றியவர். கட்டாயக் காப்பீட்டை அவரும் ஒருகாலத்தில் ஆதரித்தவர். 2011 மே மாதம் தம் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் பால் ரயனின் மருத்துவத் திட்டத்தை வலதுசாரிச் சமூகப் பொறியியல் என்று தொலைக்காட்சியில் சாடிவிட்டு, கட்சி கொதித்ததும் ரயனை அழைத்து மன்னிப்புக் கேட்டவர். ரிக் சாண்டோரம் 2003இல் முதியோருக்கான மருந்துச் செலவுத் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். 2004இல் பென்சில்வேனியா முதன்மைத் தேர்தலில் பழமைவாதியான பாட் டூமியைக் கைவிட்டு, மிதவாதியான ஆர்லன் ஸ்பெக்டருக்காகப் பிரசாரம் செய்தார். ரிக் பெரி, ஆவணமற்ற குடியேறிகளின் பிள்ளைகளுக்கு டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் உள்மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம் என்னும் சட்டத்தில் 2001இல் கையெழுத்திட்டவர். அந்த விவகாரத்தில் அவரை வலப்பக்கத்திலிருந்து வறுத்தெடுத்தவரே ராம்னிதான். ரான் பால் ஒருவர்தான் பல பத்தாண்டுகளாக ஒரே பாட்டைப் பாடியவர். அவருடைய வெளியுறவுக் கொள்கையைக் கட்சியில் பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளக்கூட விரும்பவில்லை.

இதைவிடச் சுவையானது, 2012 ஜனவரியில் கிங்ரிச் ராம்னியைத் தாக்கிய விதம். பெய்ன் கேபிடல் என்னும் தம் முதலீட்டு நிறுவனத்தின் வழியாக ராம்னி ஆலைகளை வாங்கி, ஆட்களை வெளியேற்றி லாபம் பார்த்தார் என்று, இடதுசாரிகள் சொல்லவேண்டியதை உண்மையான பழமைவாதி என்று தம்மை அழைத்துக்கொண்டவர் சொன்னார். பெரி இன்னும் ஒருபடி மேலே போய்ப் பிணந்தின்னிக் கழுகு முதலாளிகள் என்றார். கட்சிக்குள்ளேயே முகம் சுளித்தார்கள். ஆயினும் ஜனவரி 21 அன்று தென் கரோலினாவில் கிங்ரிச் 40 சதவீதம், ராம்னி 28 சதவீதம்.

எனவே என் பதில் சுருக்கமானது. அந்தக் களத்தில் இருந்த எவரையும் பழைய செயல்களைக் கொண்டு சோதித்தால் ரான் பாலைத் தவிர ஒருவரும் தேறமாட்டார்கள். ராம்னியை மட்டும் தனியாக நிறுத்திச் சோதித்தது, அவர் முன்னணியில் இருந்ததால்.

ஓஹையோவாசி எழுதியது:

நாற்சந்தி அவர்கள் சொன்னதில் எனக்கு உடன்பாடு பெரும்பாலும் உண்டு. கடைசி வரியில் மட்டும் இல்லை. முன்னணியில் இருந்ததால் மட்டும் ராம்னியை இவ்வளவு சோதித்தார்கள் என்பது, அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. 2012 மார்ச் 6 அன்று கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே ஒரு தேவாலயக் கூடத்தில் வாக்களித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் சில வார்த்தைகள்.

ஓஹையோவில் கட்சி உறுப்பினர் அட்டை எதுவும் தேவையில்லை. மேசைக்குப் பின்னால் இருக்கும் அலுவலர், எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்பார். நாம் சொல்வதே பதிவாகும். எனக்கு முன்னால் நின்ற ஒருவர், முந்தைய தேர்தலில் தாம் மற்றக் கட்சியின் சீட்டை வாங்கியதை எண்ணிச் சற்றுத் தயங்கிவிட்டுப் பிறகுதான் வாய்திறந்தார். இப்படி யாரும் வந்து வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு சீட்டை வைத்து, உண்மையான பழமைவாதி யார் என்று தீர்மானிப்பதில் உள்ள வேடிக்கையை அங்கே நிற்கும்போதுதான் உணர்ந்தேன்.

அதற்கு ஒரு வாரம் முன்பு, பிப்ரவரி 28 அன்று மிச்சிகனில் இந்த வேடிக்கை உச்சத்துக்குப் போனது. வாகன ஆலைகளுக்கு அரசு கைகொடுத்ததை ராம்னி எதிர்த்தார், ஆகவே அவருக்கு எதிராக வாக்களிக்க வாருங்கள் என்று ஜனநாயகக் கட்சியினரின் வீடுகளுக்குத் தானியங்கித் தொலைபேசி அழைப்புகளை அனுப்பியது சாண்டோரம் தரப்பு. சாண்டோரமும் அதே உதவியை எதிர்த்தவர்தான். ராம்னி அதைக் கீழ்த்தரமான தந்திரம் என்று கண்டித்தார். அப்படிக் கண்டித்தவர், 1992இல் மாசசூசெட்ஸ் ஜனநாயகக் கட்சி முதன்மைத் தேர்தலில் பால் சாங்கஸுக்கு வாக்களித்ததை ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர். மிச்சிகனில் ராம்னி 41, சாண்டோரம் 38.

இனி என் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டின் முன் சாண்டோரம் பலகையை நட்டிருந்த அவர் ஏமாளி அல்லர். சாண்டோரமின் செனட் வாக்குகளில் தமக்குப் பிடிக்காதவை எவையெவை என்று என்னிடம் வரிசையாகச் சொன்னார். பிறகு சொன்ன காரணம் எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. சாண்டோரம் தம்மோடு முரண்படும்போது அது தமக்குத் தெரிகிறது, அதற்காக அவரோடு சண்டையிட முடிகிறது. ராம்னி தம்மோடு உடன்படும்போதுதான் தமக்குப் பயமாக இருக்கிறது என்றார். நம்பிக்கை என்பது பழைய வாக்குகளைக் கூட்டிக் கழித்து வரும் எண்ணன்று என்பதை அவரிடமிருந்துதான் நான் விளங்கிக்கொண்டேன். இதற்குள் மதமும் ஒளிந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஜனவரி நடுவில் டெக்சஸில் கூடிய எவாஞ்சலிக்கல் என்னும் புராட்டஸ்டன்ட் கிறித்தவத் தலைவர்கள் சாண்டோரமை ஆதரிப்பதென முடிவு செய்தபோது, ராம்னி அவர்களில் பலர் கிறித்தவமாக ஏற்காத மார்மன் சபையைச் சேர்ந்தவர் என்பதை எவரும் உரக்கச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

நானோ ராம்னிக்கு வாக்களித்தேன். அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவரைக் கட்டிப்போட முடியுமா என்பதே என் கேள்வியாக இருந்தது. 2002இல் ஆளுநர் பதவிக்கு நின்றபோது, வரியை உயர்த்தமாட்டேன் என்னும் வரி எதிர்ப்பு இயக்கத் தலைவர் குரோவர் நார்குவிஸ்டின் உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்தவர், 2007இல் கையெழுத்திட்டார். 2011 ஆகஸ்டில் அயோவாவின் ஏம்ஸ் நகரத்து விவாதத்தில், பத்து டாலர் செலவைக் குறைத்தால் ஒரு டாலர் வரியை உயர்த்தலாம் என்ற பேரத்தைக்கூட ஏற்கமாட்டீர்களா என்று கேட்டபோது, மேடையில் இருந்த எட்டுப்பேரும் கையைத் தூக்கினார்கள். அந்தக் கைகளில் ராம்னியின் கையும் ஒன்று.

2012 பிப்ரவரி 10 அன்று சீபேக் மேடையில், தாம் கடும் பழமைவாத ஆளுநராக இருந்ததாக ராம்னி சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்காகப் பலரும் சிரித்தார்கள். மறுநாள் அதே மாநாட்டில் நார்குவிஸ்ட் பேசியதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். வழிகாட்டும் தலைவர் ஒருவரை நாம் தேடவில்லை, போகவேண்டிய திசை நமக்குத் தெரியும், நாடாளுமன்றம் அனுப்பும் ரயன் திட்டத்தில் கையெழுத்திட, பேனா பிடிக்கும் அளவுக்கு விரல்கள் உள்ள ஒரு குடியரசுக் கட்சிக்காரர் போதும் என்ற பொருளில் பேசினார். அந்த ஆகஸ்டில் ராம்னி, பால் ரயனையே துணை வேட்பாளராக்கினார். மனத்தைச் சோதிக்க முடியாத இடத்தில் கையெழுத்தைச் சோதிப்பது பாமரத்தனம் அன்று.

வடகரையான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆனால் ஓஹையோவாசி ஐயா சொல்வதை அப்படியே ஏற்றால், உண்மையான பழமைவாதி என்ற கேள்வியே வீண் என்று ஆகிவிடாதா? அவ்வாறெனில், வாக்களித்துவிட்டு வெளியே வருவோரிடம் எடுத்த கணிப்புகளில், வேட்பாளரிடம் தாங்கள் எதிர்பார்த்த முதன்மையான தகுதி அதுவே என்று கணிசமானவர்கள் ஏன் சொன்னார்கள்? மேலும், ரேகனும் பழைய ஜனநாயகக் கட்சிக்காரர். கலிபோர்னியா ஆளுநராக 1967இல் பெரும் வரி உயர்வுக்கும், கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்துக்கும் ஒப்புதல் தந்தவர். அவரை எவரும் போலி என்று சொல்லவில்லையே?

தராசுமுள் எழுதியது:

சொன்னார்கள், வடகரையான் அவர்களே. 1976இல் அப்போதைய அதிபர் ஜெரால்ட் ஃபோர்டை எதிர்த்து ரேகன் நின்றபோது, மாநாட்டுக்குச் சற்று முன்பு, பென்சில்வேனியாவின் மிதவாத செனட்டரான ரிச்சர்ட் ஷ்வைக்கரைத் துணை வேட்பாளராக அறிவித்தார். அசையாத பழமைவாதிகள் என்று பெயர்பெற்ற தென்மாநிலப் பேராளர்கள், அதாவது மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்களிப்பவர்கள், கொதித்துப்போனார்கள். கான்சஸ் சிட்டி மாநாட்டில் 1,187க்கு 1,070 என்று அவர் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்வோர் உண்டு. ஆனால் அந்தக் கோபம் அடங்கிவிட்டது. அடங்கியதற்குக் காரணம், 1964இல் கட்சியின் அதிபர் வேட்பாளரான பழமைவாதி கோல்ட்வாட்டருக்காக ஆற்றிய தொலைக்காட்சி உரையிலிருந்து, இயக்கம் தோற்றுக்கிடந்த காலத்தில் அவர் அதோடு இருந்தார் என்பதே. பதவி கைக்கு எட்டாத ஆண்டுகளில் வானொலியில் நாள்தவறாமல் அதே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கட்சிமாற்றம் 1962இல். அதிபரானது 1980 தேர்தலில். ராம்னியின் மாற்றத்துக்கும் போட்டியில் இறங்கியதற்கும் இடையே இரண்டு ஆண்டுகள்தாம். காலம் கடந்திருந்தால் ராம்னிக்கும் மன்னிப்புக் கிடைத்திருக்கலாம்.

கணிப்புகளைப் பற்றித் தாங்கள் கேட்டது நல்ல கேள்வி. அங்கே வாக்காளர் முன் நான்கு தகுதிகள் வைக்கப்பட்டன. ஒபாமாவைத் தோற்கடிக்கும் வல்லமை, உண்மையான பழமைவாதியாக இருத்தல், ஒழுக்க உறுதி, தகுந்த அனுபவம். அயோவாவில் உண்மையான பழமைவாதியைத் தேடியவர்களின் வாக்குகள் பெரும்பாலும் ரான் பாலுக்கும் சாண்டோரமுக்கும் போயின. ராம்னிக்கு மிகச் சொற்பம். ஒபாமாவைத் தோற்கடிக்கத் தேடியவர்களோ ராம்னியிடம் குவிந்தார்கள். தென் கரோலினாவில் அந்த இரண்டாவது கூட்டமே கிங்ரிச்சிடம் போய்விட்டது; விவாத மேடைகளில் அவர் காட்டிய ஆவேசம், ஒபாமாவை இவர் கிழித்துவிடுவார் என்ற எண்ணத்தை எழுப்பியது. பத்து நாள் கழித்து ஃபுளோரிடாவில், விளம்பரங்கள் மழைபோல் கொட்டியபின், மீண்டும் ராம்னி 46, கிங்ரிச் 32. ஆக, உண்மையான பழமைவாதியைத் தேடியவர்கள் ராம்னியிடம் வராமல் ஓரளவு நிலையாக நின்றார்கள்; அலைந்தது வெற்றியைத் தேடிய கூட்டம். ராம்னி வேட்பாளரானது அந்த அலைந்த கூட்டத்தைப் பிடித்ததால்தான். இதைக் கொண்டு பார்த்தால் கேள்வி வீண் அன்று. கணிசமானவர்கள் அதைக் கேட்டார்கள், விடையும் கண்டார்கள், எண்ணிக்கையில் தோற்றார்கள்.

அமைப்புப் பலமும் உண்டு. அயோவாவில் வெற்றுத் தாளில் பெயரெழுதிப் போடும் காக்கஸ் கூட்டங்களில் ராம்னி 8 வாக்குகளில் வென்றதாக முதலில் அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்துச் சரிபார்த்தபோது சாண்டோரம் 34 வாக்கு முன்னால் இருந்தார். அதற்குள் நியூ ஹாம்ப்ஷயரும் முடிந்துவிட்டது. வர்ஜீனியாவில் வாக்குச்சீட்டில் ராம்னி, ரான் பால் தவிர வேறு பெயரே இல்லை. மற்றவர்கள் தேவையான கையெழுத்துகளைச் சேர்த்துத் தரவில்லை. ஓஹையோவிலேயே சாண்டோரம் தரப்பு சில தொகுதிகளில் பேராளர் பட்டியலை முழுமையாகத் தாக்கல் செய்யவில்லை. அந்த மாநிலத்தில் ஏறத்தாழ ஒரு சதவீத வேறுபாட்டில்தான் ராம்னி வென்றார்.

ஓஹையோவாசி எழுதியது:

தராசுமுள் அவர்கள் முதலில் சொன்ன நட்டக் கணக்கை 2012க்குப் பிறகும் நீட்டிப் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. வடகரையான் அவர்கள் இன்றைய சண்டை வேண்டாம் என்றார். எனவே ராம்னியின் அளவில் நிறுத்திக்கொள்கிறேன். 2020 பிப்ரவரியில், தம் கட்சி அதிபரைக் குற்றவாளி என்று தீர்மானிக்கும் பதவிநீக்க வாக்கெடுப்பில், அமெரிக்க வரலாற்றில் முதன்முறையாகச் சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராக வாக்களித்த செனட்டர் ஆனார் அவர். அவரை 2012ஐயும் சேர்த்து நான்கு முறை மாதிரி வாக்கெடுப்பில் வெல்லவைத்த சீபேக், அந்த விசாரணையில் சாட்சிகளை அழைக்கவேண்டும் என்று அவர் வாக்களித்த உடனேயே, அவ்வாண்டு மாநாட்டுக்கு அவருக்கு அழைப்பில்லை என்று அறிவித்துவிட்டது. அப்போது வரி, கருக்கலைப்பு, குடியேற்றம் எதிலும் அவர் நிலைப்பாடு மாறியிருக்கவில்லை.

கேள்வியை யார் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018இல் யூட்டா செனட் தொகுதிக்கு அவர் நின்றபோது, ஏப்ரலில் கூடிய மாநிலக் கட்சி மாநாட்டின் பேராளர்கள், அதிகம் அறியப்படாத மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மைக் கென்னடிக்கு 51 சதவீதமும் ராம்னிக்கு 49 சதவீதமும் தந்து, அவரை முதன்மைத் தேர்தலுக்குள் தள்ளினார்கள். ஜூனில் அதே கட்சியின் சாதாரண வாக்காளர்கள் அதே இருவரில் ராம்னிக்கு 71 சதவீதம் தந்தார்கள்.